இரண்டு கேன் மீன் அமிலம்

திருவொற்றியூரில் கஸ்பாரைத் தெரியாதவர்கள்கூட அவர் மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மூக்கால் மூச்சு விடலாம், சளி சிந்தலாம், கண்ணாடி மாட்டலாம். முகர மட்டும் முடியாது.

வச்சிரக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பம்பு ஓட்டியவர். மாட்டெலும்பைக் கொதிக்க வைத்து, தச்சர்கள் பலகை ஒட்டுகிற வச்சிரம் காய்ச்சுகிற கம்பெனி அது. அந்த வாடை தெருவுக்குள் வராத நாளைப் பண்டிகை நாள் என்று சொல்லலாம். 2003இல் ஆட்குறைப்பு என்று தோளில் ஒரு சால்வையைப் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. கஸ்பாரும் பேசவில்லை. வயசானால் ஒருத்தனுக்கு முடி போகும், ஒருத்தனுக்குப் பல் போகும், நமக்கு மூக்கு போயிற்று என்று விட்டுவிட்டார்.

மனைவி வியாகுலம்மாள் காசிமேட்டில் மீன் விற்பவள். அவளுக்கு இதில் வருத்தம் கிடையாது. "மீன்காரிக்கு இதவிடத் தோதான புருசன் எங்க கெடைப்பான்? மாதாவே பாத்துக் குடுத்துகிறா" என்பாள்.

இரண்டு வருடம் சும்மா இருந்த பிறகு கஸ்பாருக்கு விம்கோ நகர் பக்கம் ஒரு பழைய குடோனில் வேலை கிடைத்தது. குடோனை வாடகைக்கு எடுத்திருந்தவள் மகிழினி. வியாசர்பாடிப் பெண். அப்பா பீம்ராவ் ரயில்வேயில் கேங்மேன். விவசாயம் படித்து, சிங்கப்பூரில் ஒரு காய்கறிப் பண்ணையில் ஆறு வருடம் இருந்துவிட்டு, இங்கே வந்து சொந்தமாக ஒன்று தொடங்கியிருந்தாள். முதல் நாள் கஸ்பாரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நெல் மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் இரும்பு அலமாரிகள். அவற்றில் வெள்ளைக் குழாய்கள். குழாயில் வரிசையாக ஓட்டை, ஓட்டைக்கு ஒரு செடி. தலைக்கு மேலே ட்யூப்லைட். மண்ணும் கிடையாது, வெயிலும் கிடையாது. உரம் கரைத்த தண்ணீர் குழாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வேர் அதை உறிஞ்சும்.

"இன்னா மேடம், ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏத்துற மாரி கீது" என்றார் கஸ்பார்.

"அதேதாண்ணே. பம்பு நின்னா மூணு மணி நேரத்துல எல்லாம் செத்துரும். நீங்கதான் நர்ஸு."

செடியின் பெயர் லெட்டூஸ். கஸ்பார் வாயில் அது 'லெட்டரு' ஆயிற்று. பச்சையாகவே தின்கிற இலையாம், பெரிய ஓட்டல்களில் தட்டு ஓரத்தில் வைப்பார்களாம். ஒரு நாள் ஒன்றைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். வியாகுலம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, துப்பலாமா விழுங்கலாமா என்று யோசித்து, விழுங்கினாள்.

"தண்ணிய மடிச்சி வெச்ச மாரி கீது. இதுக்கா அந்தப் பொண்ணு சிங்கப்பூர்ல இருந்து வந்துகீது?"

ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. நுங்கம்பாக்கம் பக்கத்து ஓட்டல் ஒன்றின் சமையல் தலைவர்தான் குழப்பத்தை ஆரம்பித்து வைத்தவர். மகிழினி அதுவரை மூட்டையில் வரும் ரசாயன உப்புகளைக் கரைத்துத்தான் செடிக்குக் கொடுத்து வந்தாள். அவர் இலையைக் கடித்துப் பார்த்து, ருசி நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் வெளிநாட்டு விருந்தாளிகள் ஆர்கானிக் கேட்கிறார்கள், இயற்கை உரத்தில் வளர்த்துக் காட்டினால் வருடம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும் தேதி வைத்துவிட்டார்.

மகிழினி அதற்கு முன்பே மூலையில் ஒரு சின்ன அலமாரியில் சோதனை போட்டிருந்தாள். வியாகுலம்மாளிடமிருந்து மீன் குடலும் செவுளும் வாங்கி, சம எடைக்கு வெல்லம் போட்டு, இருபது லிட்டர் கேன்களில் ஊற வைப்பது. ஒரு மாதத்தில் அது தேன் நிறத்தில் மீன் அமிலமாக இறங்கும். அதையும் நேராகச் செடிக்கு ஊற்றக் கூடாது. ஒரு டிரம்மில் ஜல்லிக்கல் போட்டு, காற்றுக் குழாய் விட்டு, துளித்துளியாகச் சேர்த்து வாரக்கணக்கில் கொப்பளிக்க விட வேண்டும்.

"ஏன் மேடம் இவ்ளோ பேஜாரு? நேரா ஊத்தினா இன்னா?"

"வேருக்குப் பல்லு கெடையாதுண்ணே. மண்ணுல இருந்தா அங்க இருக்கிற கிருமி மென்னு குடுக்கும். இங்கதான் மண்ணே இல்லியே. அதனால டிரம்முல கிருமிய வளத்து, மெல்ல விட்டு, அப்புறந்தான் குடுக்கணும். அவசரப்பட்டா செடிக்கு அது சாப்பாடு இல்ல, வெஷம்."

கஸ்பார் தலையாட்டினார். இருபத்திரண்டு வருடம் பம்பு ஓட்டியவருக்குத் தலையாட்டத் தெரியாதா? ஆனால் மனசுக்குள் ஒப்பவில்லை. கேன் நிரப்பும் வேலை அவருடையது. குடலை அள்ளிப் போட்டார். வெல்லத்தை மட்டும் கால்வாசியோடு நிறுத்திக்கொண்டார். மீனுக்கு எதுக்கு இவ்வளவு வெல்லம், இது என்ன பாயசமா என்பது அவர் கணக்கு. வெல்லம் குறைந்தால் மீன் ஊறாது, அழுகும். அழுகினால் வாடையே காட்டிக்கொடுத்துவிடும். வாடை யாருக்குக் காட்டிக்கொடுக்கும்? கேனைத் தினமும் திறந்து பார்த்த ஒரே ஆள் கஸ்பார்.

செவ்வாய்க்கிழமை மகிழினி விதை வாங்கப் பெங்களூருக்குப் போனாள். புதன் காலையில் கஸ்பார் சோதனை அலமாரியைப் பார்த்தார். இலைகள் வெளிறிப்போய், காமாலை வந்த பிள்ளைகள்போலக் கிடந்தன. நாளைக்கு ஓட்டல்காரன் வருகிறான். இந்தப் பெண் ஊரில் இல்லை. நர்ஸு நாம்தானே என்று நினைத்தார். பிள்ளை சோர்ந்து கிடந்தால் பாலாடையில் சொட்டுச் சொட்டாகவா ஊட்டுவார்கள்? இரண்டு கேனைத் தூக்கினார். சின்ன அலமாரியோடு நிற்பானேன் என்று குடோன் முழுவதற்கும் தண்ணீர் போகிற பெரிய தொட்டியிலேயே கவிழ்த்தார். பம்பைக் கூட்டி வைத்தார். நாலு காற்றுப்போக்கி விசிறிகளும் தெருவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனார்.

டீக்கடையில் யாரும் இல்லை. டீ போடுகிறவனும் இல்லை. பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பெண்கள் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடினார்கள். ஒரு கிழவர் சாக்கடை ஓரமாகக் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, இன்னா ஆச்சி?" என்று கேட்டார் கஸ்பார்.

"வச்சிரக் கம்பெனிக்காரன்... கேஸு... வுட்டுட்டான்..." என்றார் கிழவர், வாந்திகளுக்கு நடுவில்.

கஸ்பாருக்கு ரத்தம் கொதித்தது. உறிஞ்சிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, ஊரே சொல்கிறதே. நெடுஞ்சாலைக்குப் போனார். அங்கே இருநூறு பேர் நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்பது தினம் நடப்பதுதான். அன்றைக்குத்தான் காரணத்தோடு நின்றன. கூட்டத்துக்கு முன்னால், காசிமேட்டில் இருந்து மீன் கூடையோடு வந்து இறங்கிய வியாகுலம்மாள், கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"பதினெட்டு வருசமா மனு குடுத்துகினு கீறோம்! கம்பெனில இருந்து ஒரு நாத்தமும் வரலன்னான்! இன்னிக்கி இன்னா சொல்லுவான்? ரோசாப் பூ வாசனன்னுவானா?"

"ரோசாப் பூ வாசனன்னுவானா!" என்று கஸ்பாரும் கையை உயர்த்திக் கத்தினார். பொண்டாட்டி பேசுகிற பேச்சைக் கேட்க அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மனுக்களுக்குப் பதினெட்டு வருடம் ஆடாத நாற்காலிகள் ஒரு மணி நேரத்தில் ஆடின. மூன்று ஜீப்புகள் வந்தன. கம்பெனி மேனேஜர் லட்சுமணன், மூக்கில் கைக்குட்டையோடு, தானே நடந்து வந்தார். அவரும் தன் கம்பெனிதான் என்று நினைத்துவிட்டார், பாவம். எலும்புக் கொப்பரைகளுக்கு மூடி போடுகிறோம், புகையைக் கழுவி விடுகிற எந்திரம் வைக்கிறோம், மக்களுக்கு மருத்துவ முகாம் நடத்துகிறோம் என்று ஜீப்பின் மூக்கில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊர் சார்பில் வியாகுலம்மாள் போட்டாள். சாட்சிக் கையெழுத்து: கஸ்பார்.

கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தபோது பெங்களூர் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவும் மறியலில் மாட்டியதால் நடந்தே வந்துகொண்டிருந்தாள் மகிழினி. தோளில் விதைப் பை. கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். ஒருமுறை முகர்ந்தாள். யாரையும் எதுவும் கேட்காமல் நேராகக் குடோனுக்குள் போனாள். கஸ்பார் பின்னாலேயே ஓடினார்.

தொட்டியில் சோப்பு நுரைபோல முழங்கால் உயரத்துக்கு நுரை. ஒரு செடியை உருவினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர், பழுப்பு நிறத்தில் வழவழவென்று கையோடு வந்தது.

"அண்ணே," என்றாள் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி. "இன்னா ஊத்துனீங்க?"

கஸ்பாருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஆறு மாத உழைப்பு, ஓட்டல்காரன், மறியல், ஜீப்பு, சாட்சிக் கையெழுத்து.

"ரெண்டு கேனு மேடம்" என்றார்.

அவள் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். விசிறிகளை நிறுத்தினாள். தொட்டியைத் திறந்துவிடாமல், தண்ணீரை டிரம்களில் பிடித்து மூடச் சொன்னாள். ஓட்டல்காரருக்குப் போன் போட்டு, மூணு மாசம் கழித்து வாங்க சார் என்றாள். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, "ஊர்ல சொல்லிடணும்ணே" என்றாள். "அந்தக் கம்பெனிக்காரனும் திருடன்தான். ஆனா இன்னிக்கி திருடினது நாம."

சாயங்காலம் வீட்டில் கஸ்பார் வியாகுலம்மாளிடம் சொன்னார். அவள் வாளை மீனை அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனை நின்றது.

"யோவ். நா தொண்ட கிழியக் கத்துனது உன் தண்ணிக்கா?"

"ஆமாமே."

அவள் முதலில் அரைவாசி வாளையை அவர்மேல் எறிந்தாள். அடுத்த அரைவாசியை எறியக் கையை ஓங்கியவள் சிரிக்கத் தொடங்கினாள். மூச்சு முட்டச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "வாயத் தொறக்காத. அவன் பதினெட்டு வருசம் நாறினான், கேட்டா இல்லன்னான். நாம ஒரு நாளு நாறினா கொறஞ்சா பூடும்?"

வாயைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. மறுநாள் காலையில் கம்பெனியின் கெமிஸ்ட் தெருத்தெருவாக முகர்ந்துகொண்டே வந்து குடோன் வாசலில் நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். சுற்றுச்சூழலைப் பார்க்கிற ஒரு பெண் அதிகாரியும் பேனாவோடு வந்திருந்தார்.

ஏசி அறை. சன்னல்கள் ஒன்றுகூடத் திறக்காதவை. லட்சுமணன் புதுச் சட்டை போட்டிருந்தார்.

"மேடம், எங்க பேர்ல பழி போட்டு மிரட்டி எழுதி வாங்கின ஒப்பந்தம் இது. நாத்தம் இவங்க லெட்டூஸ் கம்பெனிலேர்ந்து. இப்ப மட்டுமில்ல, பதினெட்டு வருஷமா இந்த ஏரியாவுல அடிக்கிறது மீன் நாத்தம். எங்க கம்பெனிலேர்ந்து ஒரு நாளும் எதுவும் வந்ததில்ல. இதோ, எங்க பழைய தொழிலாளி. அவரே சொல்லட்டும்."

பழைய தொழிலாளி வரதன். கஸ்பாருடன் பத்துப் பதினைந்து வருடம் ஒரே ஷிப்டில் நின்றவர். கொப்பரைக்குப் பக்கத்தில் வேலை. இன்னும் அங்கேதான் இருந்தார். கஸ்பாரின் கண்ணைப் பார்க்காமல் எழுந்தார்.

"சத்தியமா சொல்றேன் மேடம். இருபது வருசமா உள்ளதான் கீறேன். எனக்கு ஒரு நாத்தமும் வந்ததில்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். லட்சுமணன் சிரித்தார். கஸ்பாருக்குக் காது சூடேறியது. எழுந்தார்.

"மேடம், புதங்கெழம நாத்தம் என்னுதுதான். இந்தப் பொண்ணு மேல தப்பு கெடையாது. ரெண்டு கேன நாந்தான் ஊத்தினேன். கால்வாசி வெல்லந்தான் போட்டேன். அழுவிப் போனது எனக்குத் தெரியல." வீட்டுக்கு வெளியே யாரிடமும் இதுவரை சொல்லாததை ஒரு அதிகாரியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "எனக்கு வாசன தெரியாது மேடம். இங்க வேல செஞ்சப்பவே பூட்ச்சி."

"சென்டிமென்ட் வேணாம்" என்றார் லட்சுமணன். "மூக்கு தெரியாதுன்னு யார் வேணா சொல்லலாம். என்ன ஆதாரம்?"

வாயைத் திறக்காதே என்று தான் சொல்லியும் புருஷன் திறந்துவிட்டதில் வியாகுலம்மாளுக்குக் கோபம். ஆனால் 'ஆதாரம்' என்ற சொல் காதில் விழுந்ததும் காலடியில் வைத்திருந்த மீன் கூடையை மேலே தூக்கினாள். அதிகாரிக்குக் காட்டலாம் என்று மகிழினி எடுத்துவரச் சொன்ன, ஊற்றாமல் மிஞ்சிய மூன்றாவது கேன் அதற்குள் இருந்தது. மேசை நடுவில் அதை வைத்தாள்.

"ஆதாரந்தானே சார்?" என்று மூடியைத் திருகினாள்.

புஸ்ஸென்று ஒரு சத்தம்.

லட்சுமணன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அதிகாரி பேனாவை விட்டுவிட்டு எழுந்தார். மகிழினி அவருக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். கெமிஸ்ட் குப்பைக்கூடையைத் தேடிக் கண்டுபிடித்து அதற்குள் தலையை விட்டார். நாற்பது வருடம் மீனோடு புழங்கிய வியாகுலம்மாளே, "அய்யோ மாதாவே" என்று வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் பாய்ந்தாள். அரை நிமிடத்தில் அறை காலி.

இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

வரதன் கதவைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், கஸ்பாரைப் பார்த்தார்.

"இன்னா மாமு? எல்லாம் எங்க ஓடுறானுங்க? நெருப்பு கிருப்பா?"

கஸ்பார் கேனை மெல்ல வரதன் பக்கம் நகர்த்தினார். வரதன் குனிந்து, சரியாகக் கேனின் வாய்மேல் மூக்கை வைத்து, நெஞ்சு விரிய இழுத்தார்.

"இன்னாதிது, டீ டிகாசனா?"

"வரதா, உனுக்கும் இல்லியா?"

வரதன் நிமிர்ந்தார். அவருக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் இன்னொரு தடவை குனிந்து முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு, ஏதாவது வருகிறதா என்று தேடுகிறவர்போல. "வூட்ல அவ சொல்லுவா மாமு," என்றார் தணிந்த குரலில், "கொயம்பு தீஞ்சிகினு கீது, பக்கத்துல குந்திகினு கீறியேன்னு. நா குடிச்சிட்டு மூக்கு மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். குடிக்கறதக்கூட வுட்டுட்டேன்யா."

இருவரும் ஏசி காற்றில் அந்தக் கேனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி பேனாவை உள்ளேயே விட்டுவிட்டு வந்ததால் கெமிஸ்ட்டின் பையிலிருந்து ஒன்றை உருவி எழுத ஆரம்பித்தார். வியாகுலம்மாள் சத்தம் கதவைத் தாண்டி உள்ளே கேட்டது.

"எழுதிக்கங்கம்மா. எங்க நாத்தம் ஒரே நாள்ல நின்னுப் போச்சி, ஒத்துகினோம். உள்ள குந்தினு கீறானுங்களே ரெண்டு பேரு, அதுக்கு யாரு பொறுப்புன்னு சாரு சொல்லட்டும். நாத்தமே இல்லன்னு சொல்றதுக்குத் தோதா ஆளுங்கள உண்டாக்கி வெச்சிகிறாங்க."

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் அது பீலா. கொப்பரைகளுக்கு மூடி வர ஒன்பது மாதம் ஆயிற்று. புகை கழுவுகிற எந்திரம் வந்தது, வாரத்தில் நாலு நாள் ஓடியது. பழைய ஆட்கள் முப்பத்தொரு பேரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கைச் சோதித்தார்கள். பத்தொன்பது பேருக்கு நரம்பு செத்திருந்தது. மருத்துவர் கஸ்பாரிடம், இனிமேல் திரும்பாது என்று நேராகவே சொல்லிவிட்டார். வரதனும் அவரும் சேர்ந்து போட்ட வழக்கு இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது. ஆனால் வரதன் இப்போது சாட்சி சொல்வது இந்தப் பக்கம்.

குடோனைக் கழுவி முடிக்கவே பத்து நாள் ஆயிற்று. ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, தேய்த்து, காய வைத்து மாட்டினார் கஸ்பார். சம்பளம் வேண்டாம் என்றார்; மகிழினி கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கொளத்தூரில் வண்ண மீன் விற்கும் தாவூது பாயிடம் போனாள். தொட்டி மீன் தன் கழிவிலேயே செத்துப் போகாமல் இருக்க அவர் செய்வதும் இதே வேலைதான், கிருமியை வளர்ப்பது. அவர் பத்து வருடப் பழைய தொட்டியின் அடியிலிருந்து ஒரு மூட்டை ஜல்லியை அள்ளிக் கொடுத்தார். "கழுவிடாதம்மா, அழுக்குலதான் ஜீவன் கீது" என்றார். அந்த ஜல்லி போட்ட டிரம்மில், முழு வெல்லம் போட்ட அமிலத்தைத் துளித்துளியாகக் கஸ்பார் விட்டார். தினமும் ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, தாவூது பாய் கொடுத்த சொட்டு மருந்தை விட்டு நிறம் பார்ப்பார். பச்சை வந்தால் இன்னும் விஷம். மஞ்சளானால் செடிக்கு ஆகும். வாசனைக்கு வியாகுலம்மாள் வந்தாள். சாயங்காலம் கூடையை இறக்கி வைத்துவிட்டு டிரம்முக்குள் தலையை விடுவாள்.

"இன்னும் கலீஜ்தான்."

நாலாவது வாரம் குப்பியில் மஞ்சள் வந்தது. வியாகுலம்மாள் தலையை விட்டாள், எடுக்கவில்லை.

"இன்னாமே?"

"ஒண்ணும் இல்லய்யா. மய பெஞ்ச தரை மாரி கீது." அவள் அவரைப் பார்த்தாள். "எப்டி சொல்றது உனுக்கு... நம்ம கண்ணாலத்தன்னிக்கி மய பெய்ஞ்சிதே, அந்த வாசன."

கஸ்பார் தலையாட்டினார். அந்த மழை அவருக்கு நினைவிருந்தது. அன்றைக்கு மூக்கும் இருந்தது.

அந்தத் தண்ணீரில் செடி வளர்ந்த பிறகு ஓட்டல்காரர் வந்தார். இலையைக் கிள்ளி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணை மூடி மென்றார். இதில் ஒரு கடல் தன்மை தெரிகிறது, மிக நுட்பமானது என்றார். மகிழினி கஸ்பாரைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டாள். வாரத்துக்கு மூன்று நாள் லெட்டூஸ் போவது என்று முடிவாயிற்று.

ஓட்டலுக்கு ஓரம் கிழியாத இலைதான் வேண்டும். கழித்துக் கட்டிய இலைகள் வாரத்துக்கு இரண்டு சாக்கு மிஞ்சின. எங்கே போகின்றன என்று மகிழினிக்குக் கொஞ்ச நாள் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனவள், வியாகுலம்மாள் கடையில் மட்டும் கூட்டம் நெரிவதைப் பார்த்தாள். எட்டிப் பார்த்தாள். அங்கே ஐஸுக்கு மேல் பச்சைப் பசேலென்று லெட்டூஸ் விரித்து, அதன்மேல் வஞ்சிரம் ராஜா மாதிரி படுத்திருந்தது.

"அக்கா! அது ஆர்கானிக்!"

"அதான் தாயி நானும் சொல்லி விக்கிறேன்" என்றாள் வியாகுலம்மாள், மீனைத் துண்டு போட்டுக்கொண்டே. எதிரில் நின்ற பெரம்பூர் அம்மாள் ஒருத்தி இலையைத் தொட்டுப் பார்த்து, இதை என்ன செய்வது என்று கேட்டாள்.

"கொயம்புக்கு ஆகாதும்மா. பொரிச்ச மீன அதுல சுத்தி வாய்ல போடு. போட்டுட்டு வந்து சொல்லு."

மகிழினி கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு, "எனக்கும் அரைக் கிலோ போடுங்கக்கா, இலையோட" என்றாள்.